இன்ஜின் பிறந்ததே கேஸில்தான்: மிஸ்ஸிங்கின் கதை

போன ரெண்டு எபிசோடும் கம்ப்யூட்டர் பக்கமே சுத்திக்கிட்டு இருந்தோம். இன்னிக்கு கொஞ்சம் மெக்கானிக் ஷெட் பக்கம் போகலாம்.

பெட்ரோல் காருக்கு கேஸ் கிட் போட்டவங்க நாலு பேரைக் கேட்டா, ரெண்டு பேர்கிட்டயாவது இந்தப் புகார் இருக்கும். "போட்டு ஆறு மாசம் நல்லாத்தான் ஓடிச்சு. இப்போ மேடு ஏறும்போது மிஸ்ஸிங் அடிக்குது." ஷெட்டுக்குக் கொண்டு போனா கிடைக்கிற பதிலும் பெரும்பாலும் ஒண்ணுதான்: "கேஸ்னா அப்படித்தான் சார். பெட்ரோல்ல போட்டு ஓட்டுங்க." கிட்டுக்குப் போட்ட காசு திரும்பி வர்றதுக்குள்ள மறுபடியும் பெட்ரோல் பங்க். வார இறுதியில மட்டும் கார் எடுக்கிறவருக்கு இது எரிச்சல். டாக்ஸி ஓட்டுறவருக்கு அந்த மாச இ.எம்.ஐ.

"கேஸ்னா அப்படித்தான்" என்கிற அந்த வார்த்தையைத்தான் இன்னிக்கு எடுத்துக்கப் போறோம். ஏன்னா வரலாற்றைப் பார்த்தா, இன்ஜின் பிறந்ததே கேஸில்தான். பெட்ரோல் பின்னாடி வந்த விருந்தாளி.

1860. பாரிஸ். எத்தியேன் லெனுவார் என்பவர் ஒரு இன்ஜினுக்குக் காப்புரிமை வாங்குறார். காசு கொடுத்து வாங்கி வேலைக்கு வைக்கிற அளவுக்குத் தேறின முதல் உள்ளெரி இன்ஜின் அதுதான். எரிபொருள் என்ன தெரியுமா? தெருவிளக்குக்குக் குழாய்ல வந்த நிலக்கரி வாயு. அன்னிக்கு ஐரோப்பாவோட பெரிய நகரங்கள்ல வீதிக்கு வீதி கேஸ் குழாய் போட்டிருந்தாங்க, அதனால பட்டறைக்காரங்களுக்கு எரிபொருள் தேடிப் போக வேண்டிய வேலையே இல்ல. பற்ற வைக்க லெனுவார் பயன்படுத்தினது பேட்டரி, ரும்கார்ஃப் காயில், சிலிண்டருக்குள்ள ஒரு மின்பொறி. அதாவது நம்ம காயிலும் பிளக்கும்தான், தாத்தா வடிவத்துல.

அந்த இன்ஜின் சில நூறு விற்பனை ஆச்சு. ஆனா அதை வச்சிருந்தவங்களுக்குப் பெரிய தலைவலி, பொறி சரியா வராதது. கேஸ் ஒழுங்கா வந்துக்கிட்டு இருக்கு, பொறிதான் வரல. இதை மனசுல வச்சுக்குங்க.

லெனுவாரைப் பார்த்துத்தான் ஜெர்மனியில நிக்கோலஸ் ஓட்டோ இந்த வேலையில இறங்கினார். 1876-ல அவர் செஞ்ச நாலு ஸ்ட்ரோக் இன்ஜினும் கேஸ் இன்ஜின்தான். இன்னிக்கு உங்க பைக்ல, கார்ல இருக்கிற இன்ஜினுக்கு அது நேர் மூதாதை. ஆனா ஓட்டோ மின்பொறியை நம்பல. வெளியே ஒரு சின்ன தீபம் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். நகர்ற ஒரு வால்வு சரியான நேரத்துல அந்தத் தீயை உள்ளே எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டும். அடுப்புல இருந்து கொள்ளி எடுத்துக் கொடுக்கிற மாதிரி! பட்டறைக்குள்ள ஒரே இடத்துல நின்னு ஓடுற இன்ஜினுக்கு அது போதும். குலுங்கிக்கிட்டுப் போற வண்டிக்குத் தீபம் எப்படிச் சரிப்படும்? வண்டின்னு வந்ததும் மறுபடியும் மின்பொறிக்குத்தான் வரணும். 1884-ல ஓட்டோவே குறைந்த வோல்டேஜ் மேக்னட்டோ ஒண்ணை உருவாக்கினார். 1886-ல காரைக் கொண்டுவந்த கார்ல் பென்ஸும் இக்னிஷனைத்தான் தன்னோட தலையாய சிக்கலாச் சொன்னார். அது ஒரு வழிக்கு வந்தது 1902-ல, ராபர்ட் பாஷ் கம்பெனியில கோட்லோப் ஹோனோல்ட் உயர் வோல்டேஜ் மேக்னட்டோவையும் அதுக்கேத்த ஸ்பார்க் பிளக்கையும் கொண்டுவந்தப்போ.

அதுக்குள்ள எரிபொருள் மாறிப் போச்சு. காரணம் எளிமை. கேஸை வண்டியில ஏத்த பலூன் வேணும், இல்லன்னா கனமான சிலிண்டர் வேணும். பெட்ரோலுக்கு ஒரு தகர டப்பா போதும்.

இங்க ஒரு கிளைக்கதை. சொல்லாம போக மனசு வரல. 1910 காடிலாக் கார்ல சார்ல்ஸ் கெட்டரிங் ஒரு புது இக்னிஷன் போட்டுக் கொடுத்தார். பேட்டரி, காயில், பாயின்ட், டிஸ்ட்ரிபியூட்டர். நம்ம அம்பாசடர், பத்மினி காலம் வரைக்கும் வந்த அதே அமைப்பு. கொஞ்ச வருஷத்துல இன்ஜின்கள் 'டக் டக்'னு தட்ட ஆரம்பிச்சது. உடனே பழி எங்க விழுந்தது? கெட்டரிங்கோட இக்னிஷன் மேல. அவர் தாமஸ் மிட்ஜ்லி என்கிற இளைஞரை வச்சு ஆராய்ச்சி பண்ணச் சொன்னார். முடிவு: தப்பு பொறியில இல்ல, பெட்ரோல்ல. தரம் குறைஞ்ச எரிபொருள் சிலிண்டர்ல தானா வெடிக்குது. அந்தத் தேடல்தான் 1921-ல பெட்ரோல்ல ஈயம் கலக்குற கண்டுபிடிப்புல போய் முடிஞ்சது. ஈயத்தால மனுஷங்களுக்கு வந்த கேடு தனி எபிசோடு. எனக்கு இதுல பிடிச்ச விஷயம் வேற. அன்னிக்கு எரிபொருள் பண்ணின தப்புக்கு இக்னிஷன் பழி வாங்குச்சு. கேஸ் வண்டி ஷெட்ல கணக்கு அப்படியே தலைகீழ். இக்னிஷன் பண்ற தப்புக்கு எரிபொருள் பழி வாங்குது.

சரி, போருக்கு வருவோம். முதல் உலகப் போர்ல பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும் பிரிட்டன்ல பஸ் கூரை மேல பெரிய கேஸ் பையைக் கட்டிக்கிட்டு ஓட்டினாங்க. இரண்டாம் உலகப் போர்ல இன்னும் பெரிய அளவுல நடந்தது. விறகையோ கரியையோ அரைகுறையா எரிச்சா கார்பன் மோனாக்ஸைடும் கொஞ்சம் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும். அதை வடிகட்டி, ஆற வச்சு, இன்ஜினுக்குக் கொடுக்கலாம். போர் முடியும்போது ஜெர்மனியில மட்டும் இப்படி ஓடின வண்டிகள் சுமார் 5 லட்சம்.

நம்ம ஊர்லயும் இது ஓடிச்சு. மதுரையில டி.வி.சுந்தரம் ஐயங்காரோட டிவிஎஸ் நிறுவனம், போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தைச் சமாளிக்க 'டிவிஎஸ் கேஸ் பிளான்ட்'னே ஒண்ணைத் தயாரிச்சது. கரி பஸ்ஸைப் பத்தி வீட்டுப் பெரியவங்க சொல்லி நீங்களும் கேட்டிருக்கலாம். பஸ்ஸுக்குப் பின்னாடி டிரம் மாதிரி ஒரு உலை. காலையில ஒருத்தர் கைப்பிடியைச் சுத்தி ஊதி ஊதிக் கரியைப் பிடிக்க வைக்கணும். வாயு நல்லா வர்ற வரைக்கும் பயணிகள் காத்திருக்கணும். மேடு வந்தா இறங்கித் தள்ளணும்.

ஏன் தள்ளணும்? அந்த வாயுவுல பாதிக்கு மேல நைட்ரஜன். எரியாத சரக்கு. பெட்ரோல்ல கிடைச்ச சக்தியில ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். அதோட, அது மெதுவா எரியுற வாயு. பெட்ரோலுக்கு வச்ச அதே டைமிங்ல பொறி விட்டா, பிஸ்டன் கீழே இறங்க ஆரம்பிச்ச பிறகும் தீ பரவிக்கிட்டே இருக்கும். அதனால பொறியை இன்னும் முன்கூட்டியே விடணும், ஷெட் பாஷையில அட்வான்ஸ் ஏத்தணும். கரி ஈரமா இருந்தா கலவை கெடும், ஃபில்டர்ல சாம்பல் அடைச்சா கலவை கெடும். டிரைவர் கையில காத்துக்கு ஒரு தனி லீவர் இருக்கும், அதை ஓட்டிக்கிட்டே திருகித் திருகிச் சரி பண்ணணும். கேஸ்ல ஓட்டினா மிஸ்ஸிங் வரும்னு அந்த டிரைவர்களுக்கும் தெரியும். ஆனா அது கலவையாலயா, டைமிங்காலயா, பிளக்காலயானு காதால கேட்டே பிரிச்சாகணும். வேற வழி இல்ல, மாத்திப் போட பெட்ரோல் இல்லையே!

அந்தக் கட்டாயம் போனதும் அந்த அறிவும் போச்சுன்னு நினைக்கிறேன். பெட்ரோல் திரும்ப வந்ததும் கரி உலையைக் கழட்டிப் போட்டாங்க.

போருக்குப் பிறகும் கேஸை விடாமப் பிடிச்சுக்கிட்ட நாடு இத்தாலி. வடக்கே போ சமவெளியில இயற்கை வாயு கிடைச்சது. 1954-ல ரெஜ்ஜியோ எமிலியாவுல லாண்டி ரென்ஸோ ஆரம்பிச்சது. நம்ம ஊர் கேஸ் கிட் கடைகள்ல லாண்டி, லொவாட்டோ, பிஆர்சி என்கிற பெயர்கள் புழங்குறது இந்த இத்தாலி வழியாத்தான்.

இந்தியாவுல 2000 வரைக்கும் எல்பிஜியில வண்டி ஓட்ட சட்டத்துல இடம் இல்ல. ஆனா ஓட்டினாங்க. ஆம்னி வேனோட பின்சீட்டுக்குக் கீழே 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர் படுத்திருந்த காலம் நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். அதோட ஆபத்து எல்லாருக்கும் தெரியும். அது மிஸ்ஸிங்குக்கும் ஒரு பெரிய காரணம்ங்கறது அவ்வளவா பேசப்படல. நிமிர்த்தி வச்ச வீட்டு சிலிண்டர்ல இருந்து மேலே உள்ள ஆவிதான் வெளியே வரும். அடுப்புக்கு அது போதும். கார் இன்ஜின் ஒரு அடுப்பைவிடப் பத்து மடங்குக்கு மேல கேட்கும். அவ்வளவு வேகமா ஆவி ஆனா உள்ளே திரவம் குளிர்ந்து போகும், சிலிண்டர் வேர்க்கும், அழுத்தம் விழும். போதாததுக்கு, எல்பிஜி என்பது புரோப்பேன், பியூட்டேன் ரெண்டும் கலந்த கலவை. லேசான புரோப்பேன் முதல்ல ஓடிப் போயிடும், கடைசியில மிஞ்சுறது சோம்பேறி பியூட்டேன். கலவைல கேஸ் குறைஞ்சு காத்து கூடும், வண்டி இழுக்காது, மிஸ்ஸிங் அடிக்கும்.

முறையான ஆட்டோ எல்பிஜி டாங்க்ல இந்தச் சிக்கல் இல்ல. அங்க எடுக்கிறதே திரவத்தை. அது இன்ஜின் பக்கத்துல இருக்கிற ரெட்யூசருக்கு வந்து, ரேடியேட்டர் தண்ணியோட சூட்டுல ஆவியாகும். அதனாலதான் இன்ஜின் சூடாகற வரைக்கும் பெட்ரோல்ல ஓட்டச் சொல்றாங்க. கூலன்ட் குறைஞ்சா ரெட்யூசர் பனி பிடிச்சு உறையும், வண்டி திணறும். இதுக்கும் "கேஸ்னா அப்படித்தான்" என்று பதில் சொன்னா எப்படி? ரேடியேட்டர்ல தண்ணி இல்லங்க!

டெல்லி கதை இதைவிடத் தீவிரம். எம்.சி.மேத்தா தொடுத்த வழக்குல 1998 ஜூலை 28 அன்னிக்கு உச்ச நீதிமன்றம், நகர பஸ்கள் எல்லாம் 2001 மார்ச் 31-க்குள்ள சிஎன்ஜிக்கு மாறணும்னு உத்தரவு போட்டது. கெடு தள்ளித் தள்ளிப் போய் 2002 கடைசியிலதான் முடிஞ்சது. புது சிஎன்ஜி பஸ் வாங்குறது ஒரு வழி. பழைய டீசல் பஸ்ஸை மாத்துறது இன்னொண்ணு. ரெண்டாவது வழியில என்ன சங்கடம்னா, டீசல் இன்ஜின்ல இக்னிஷனே கிடையாது. அமுக்கின காத்தோட சூட்டுலயே டீசல் பத்திக்கும். சிஎன்ஜி அப்படிப் பத்தாது. அதனால இன்ஜெக்டர் இருந்த இடத்துல பிளக் வைக்கணும், பிஸ்டனைக் கடைஞ்சு கம்ப்ரஷனைக் குறைக்கணும், காயிலும் வயரும் புதுசா இழுக்கணும். டீசலோடவே வாழ்ந்த மெக்கானிக் ஒருத்தருக்கு, திடீர்னு பிளக் இடைவெளியில இருந்து படிக்க வேண்டிய நிலைமை. எரிபொருளை மாத்தினதா ஊரெல்லாம் பேச்சு. உண்மையில மாத்தினது பற்றவைக்கிற முறையை.

இப்போ லெனுவார்கிட்ட திரும்பப் போகலாம். கேஸ் இருந்தும் பொறி ஏன் தவறுது? இதுக்கு விடை 1889-ல வந்துடுச்சு. ஃபிரீட்ரிஷ் பாஷன் என்கிற ஜெர்மன் இயற்பியலாளர், ரெண்டு முனைக்கு நடுவுல பொறி தாவ எவ்வளவு வோல்டேஜ் வேணும்னு அளந்து பார்த்தார். அது வாயுவோட அழுத்தத்தையும் இடைவெளியையும் பொறுத்தது. மேடு ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிக்கிறீங்க. சிலிண்டர் நிறையக் கலவை போகுது, அழுத்தம் கூடுது, பொறி தாவ இன்னும் அதிக வோல்டேஜ் வேணும். கேஸ்ல ஓடும்போது இந்தத் தேவை பெட்ரோலைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும், கலவையில கேஸ் குறைஞ்சா இன்னும் ஏறும். பழைய பிளக் வயர்ல எங்கேயோ ஒரு கீறல் இருக்குன்னு வைங்க. பெட்ரோல்ல ஓடும்போது மின்சாரம் எப்படியோ பிளக்குக்குப் போயிடும். கேஸ்ல அது பிளக்கைத் தாண்டுறதுக்குப் பதில் கீறல் வழியா பாடிக்கு இறங்கிடும். ராத்திரி இருட்டுல பானட்டைத் திறந்து பார்த்தா சில சமயம் நீலமா மின்னுறது கண்ணுக்கே தெரியும். பெட்ரோல் அந்தக் கீறலை மன்னிச்சுது, கேஸ் மன்னிக்கல. அவ்வளவுதான் வித்தியாசம். 1.1 மி.மீ. இருந்த பிளக் இடைவெளியை 0.8-க்குக் குறைச்சதும் சில வண்டிகள் சரியாப் போறது இதனாலதான்.

மத்தபடி கேஸ் 'தீப்பிடிக்கத் தயங்கும்' என்பதெல்லாம் கதை. கலவை சரியா இருந்தா மீத்தேனைப் பற்ற வைக்க 0.28 மில்லிஜூல் போதும். பெட்ரோல் ஆவிக்கும் ஏறக்குறைய இதேதான்.

சக்தி குறையுது என்பது மட்டும் நிஜம். பெட்ரோல் ஆவி சிலிண்டர்ல எடுத்துக்கிற இடம் 2 சதவீதம்கூட வராது. மீத்தேன் 9.5 சதவீத இடத்தைப் பிடிச்சுக்கும். அந்த அளவுக்குக் காத்து உள்ளே வராது. ஆனா சக்தி குறையுறது வேற, மிஸ்ஸிங் வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறதுலதான் பாதிப் புகார் அப்படியே தங்கிடுது.

மிஸ்ஸிங்கை அலட்சியமா விட்டா என்ன ஆகும்? பழைய மிக்ஸர் வகை கிட்ல, காத்தோட கேஸ் கலக்குற இடம் த்ராட்டில் பக்கத்துல இருக்கும். அங்கிருந்து வால்வு வரைக்கும் குழாய் முழுக்க எரியத் தயாரா இருக்கிற கலவை. எரியாம விட்ட ஒரு சிலிண்டர்ல தீ தாமதமாப் பிடிச்சு, இன்டேக் வால்வு திறந்திருக்கிற நேரத்துல பின்னாடி பாய்ஞ்சா, பட்டுனு ஒரு வெடி. பேக்ஃபயர். இரும்பு மேனிஃபோல்டு இருந்த அம்பாசடர் தாங்கிச்சு. பிளாஸ்டிக் ஏர் ஃபில்டர் பெட்டி வந்த காலத்துல அது துண்டு துண்டாச் சிதறும். வெடிச்சா அழுத்தம் வெளியே போறதுக்குன்னே ஏர் ஃபில்டர் பெட்டியில ஒரு மூடி வைக்கிற பழக்கம் அப்படி வந்ததுதான். ஒரு பிளக் செட் விலையை மிச்சம் பிடிக்கப் போய் இதை எல்லாம் ஏன் பார்க்கணும்?

இன்னொரு வகை மிஸ்ஸிங் உண்டு, அது மெதுவா வரும். முதல்ல சொன்ன அந்த 'ஆறு மாசம் நல்லா ஓடிச்சு' வகை. இதுக்கு வேர் கெட்டரிங் காலத்து ஈயத்துல இருக்கு. பெட்ரோல்ல இருந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு உட்கார்ற இடத்துல ஒரு மெல்லிய படலமாப் படிஞ்சு தேய்மானத்தைத் தடுத்துக்கிட்டு இருந்தது. இந்தியா முழுக்க 2000 பிப்ரவரியோட ஈயப் பெட்ரோல் நின்னது. கேஸ்ல ஈயமும் கிடையாது, பெட்ரோல் துளியோட ஈரமும் கிடையாது. சீட் மென்மையான உலோகமா இருந்தா வால்வு கொஞ்சம் கொஞ்சமா உள்ளே இறங்கும். டேப்பட் இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வந்து, ஒரு நாள் வால்வு முழுசா மூடாது. கம்ப்ரஷன் லீக். இதுக்கு எத்தனை பிளக் மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல. டேப்பட்டைச் சத்தம் வந்தாத்தான் பார்க்கணும்னு ஒரு பழக்கம் இருக்கு. இங்க நடக்கிறது நேர் எதிர். இடைவெளி குறையுற டேப்பட் சத்தமே போடாது.

கடைசியா, என் தொழிலுக்குப் பக்கத்துல வர்ற விஷயம். இப்போ வர்ற சீக்வென்ஷியல் கிட்ல கேஸுக்குன்னு தனி இசியு. அது சொந்தமா பெருசா எதையும் கணக்குப் போடுறதில்ல. கார்ல ஏற்கெனவே இருக்கிற பெட்ரோல் இசியு, "இந்த சிலிண்டருக்கு இத்தனை மில்லிசெகண்ட் பெட்ரோல் கொடு"ன்னு சொல்றதை ஒட்டுக்கேட்டு, அதை ஒரு எண்ணால பெருக்கி கேஸ் இன்ஜெக்டரைத் திறக்கும். பெட்ரோல் இசியுவுக்குத் தன்னோட இன்ஜெக்டர் வேலை செய்யுதுன்னு நம்ப வைக்க ஒரு போலி லோடும் கொடுக்கும். பழைய சிஸ்டத்துக்குத் தெரியாமலேயே நடுவுல ஒரு லேயர். ஸாஃப்ட்வேர்ல இப்படி எழுதினா என்ன ஆகும்னு நம்ம ஆட்களுக்குத் தெரியும்.

அதேதான் ஆகுது. அந்தப் பெருக்கல் எண் தப்பா இருந்தாலோ, கேஸ் இன்ஜெக்டர்ல எண்ணெய்ப் பசை ஒட்டி மெதுவாத் திறந்தாலோ, கலவை கெடும். எக்ஸாஸ்ட்ல இருக்கிற ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்துச் சொல்லும். பெட்ரோல் இசியு "சரி, நான்தான் குறைவாக் கொடுக்கிறேன்போல"ன்னு தன்னோட திருத்தத்தை ஏத்திக்கும், ஏத்தினதை ஞாபகத்துலயும் வச்சுக்கும். இப்போ நீங்க பெட்ரோலுக்கு மாத்தினா, கேஸுக்காகக் கத்துக்கிட்ட அந்தத் தப்பான திருத்தத்தோடவே அது பெட்ரோலைக் கொடுக்கும். பெட்ரோல்லயும் மிஸ்ஸிங்! மெக்கானிக் "பாருங்க, கேஸ் போட்டு இன்ஜினே போச்சு"ம்பார். இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகல. மெமரியில ஒரு தப்பான நம்பர் உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான்.

அதனால மாத்திப் பார்க்கிற சோதனையை உடனே நம்பாதீங்க. ஸ்கேனர் மாட்டி, பெட்ரோல்ல ஓடும்போதும் கேஸ்ல ஓடும்போதும் அந்தத் திருத்தம் எவ்வளவு சதவீதம் நிக்குதுன்னு தனித்தனியா எழுதச் சொல்லுங்க. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா கேஸ் கலவை மேல பெரிய சந்தேகம் வேண்டாம், பிளக், வயர், காயில், டேப்பட்னு போகலாம். தூரமா இருந்தா கிட்டை டியூன் பண்ண வேண்டிய வேலை பாக்கி இருக்கு. ரெட்யூசர், இன்ஜெக்டர், அந்தப் பெருக்கல் எண். கிட் போட்ட கடையில இதைக் கேட்டா முகம் கொஞ்சம் மாறும். பரவாயில்ல, கேளுங்க.

பெட்ரோல்ல ஈயம் வந்த கதையை அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.